நாலு தோளுக்கு ஒரு குதிரை

ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மருதக்குடி நாட்டுப் புரவியெடுப்புக்கு, அதாவது அய்யனாருக்கு மண்குதிரை தூக்கிப்போகும் திருவிழாவுக்குப் போய் வந்தேன். காரைக்குடியிலிருந்து போய்த் திரும்ப அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. "இதெல்லாம் ஒரு பயணமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போன தடவை கொடைக்கானல் போய்க் குளிரில் நடுங்கி எழுதினேனே, அதை எத்தனை பேர் படித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். பேசாமல் இதைப் படியுங்கள்.

போன காரணம் இதுதான். மருதக்குடி நாட்டில் மூன்றாவது ஊர் செங்காட்டுப்பட்டி. எனக்குப் பெண் கொடுத்த ஊர். அந்த ஊரை இந்த வருஷத்தோடு நாட்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு. என் வீட்டுக்காரியின் அண்ணன் சுப்பையாதான் அந்த ஊருக்கு அம்பலம், அதாவது ஊர்த்தலைவர். அவர் போன் பண்ணினார். "வந்து பாத்துட்டுப் போங்க மாப்ள. எங்க குதிர போறது இதுவே கடேசியா இருந்தாலும் இருக்கும்" என்றார். என் வீட்டுக்காரி வியாழக்கிழமையே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் மட்டும் எங்கே போவேன், சோற்றுக்கு?

நாடு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பீர்கள். தாலுகா ஆபீஸ் வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. நானும் பெரிய படிப்பாளி இல்லை, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். எனக்குத் தெரிந்தபடி சொல்கிறேன். இங்கே ஐந்து ஊர் சேர்ந்தது ஒரு நாடு. ஊருக்கு ஓர் அம்பலம். அந்த ஐந்து பேருக்கும் மேலே நாட்டு அம்பலம், அவர் மருதக்குடிக்காரர். கலெக்டர் மாறுவார், எம்.எல்.ஏ. மாறுவார், இவர் மாற மாட்டார். இவருக்குப் பிறகு இவர் மகன். மஞ்சுவிரட்டு எப்போது, கண்மாய் மடையை எப்போது திறப்பது என்பதெல்லாம் இவர்கள் கூடிப் பேசி முடிப்பதுதான்.

ஜனத்தொகை எடுக்கவும் தனி வழி வைத்திருக்கிறார்கள். ஆளை எண்ண மாட்டார்கள், அடுப்பை எண்ணுவார்கள். ஊரில் அடுப்பு எரிகிற வீடு ஒரு தலைக்கட்டு. பிள்ளை சிங்கப்பூரில் இருந்து மாதாமாதம் பணம் அனுப்பினாலும் இங்கே வீடு பூட்டிக் கிடந்தால் கணக்கில்லை. ஒரு தலைக்கட்டுக்கு ஒரு தோள். அந்தத் தோள்கள் சேர்ந்துதான் தங்கள் ஊர் மண்குதிரையை மருதக்குடித் திடலில் தூக்கி, மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிறைகுளத்து அய்யனார் கோவிலில் இறக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. வண்டியில் ஏற்றக் கூடாது. வழியில் தரையில் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த ஊருக்கு அதோடு குதிரை கிடையாது. அடுத்த வருஷம் பக்கத்து ஊர்க் குதிரைக்குப் பின்னால் கையை வீசிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

கையை வீசி நடப்பது சுகம்தானே என்று நினைக்காதீர்கள். குதிரை போகிற வரிசைதான் கண்மாய்த் தண்ணீர் பாய்கிற வரிசை. குதிரை இல்லாத ஊருக்கு முறை இல்லை. மிச்சம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்துக் கண்மாயில் தண்ணீர் மிச்சம் இருந்ததாக யாராவது சொன்னால் அவரை எனக்கு அறிமுகப்படுத்துங்கள், காலில் விழ வேண்டும்.

செங்காட்டுப்பட்டியில் முன்னே பதினாறு தோள் தூக்கிய குதிரை. இப்போது எரிகிற அடுப்பு நாலு.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் காரைக்குடியில் கிளம்பினேன். என்னுடையது சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டி. காலியாகத்தான் போனேன். டீசல் ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டேன், திரும்பி வந்தும் மிச்சம் இருந்தது. குன்றக்குடி வரை பிரச்சினை இல்லை. பிள்ளையார்பட்டிப் பிரிவில் மட்டும் வேன்களாக நிற்கும், வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் மோசம். கற்பக விநாயகருக்கு வண்டியில் இருந்தபடியே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தேன். நாச்சியாபுரத்தில் ஒரு டீ, இரண்டு வடை, முப்பத்தைந்து ரூபாய். வடையில் ஓட்டை பெரிது, வடை சிறிது. அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே போனால் மருதக்குடி. ரோடு பரவாயில்லை.

ஊருக்கு முன்னாலேயே வேளார் சூளை இருக்கிறது. மண்குதிரைகள் செய்கிற இடம். கட்டாயம் இறங்கிப் பாருங்கள். ஐந்து குதிரைகளும் வெள்ளையடித்து, சிவப்பும் நீலமும் பூசி, கண் மட்டும் திறக்காமல் வரிசையாக நின்றன. முதல் குதிரை மருதக்குடியுடையது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். இரண்டாவது அதற்குக் கொஞ்சம் கம்மி. மூன்றாவதைக் காணோம். தேடினேன். இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில், என் இடுப்பு உயரத்துக்கு ஒன்று நின்றது. காதை விடைத்துக்கொண்டு, மூக்கைத் தூக்கிக்கொண்டு, பெரிய குதிரைகளை முறைக்கிற மாதிரி.

"என்ன வேளாரே, பெரிய குதிர குட்டி போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

வேளார் தூரிகையை நிறுத்தாமல் சொன்னார்: "செங்காட்டுப்பட்டிக் குதிர. பிடிமண்ணு குடுத்துக் குதிர செய்யச் சொல்லும்போதே உங்க மச்சான் சொல்லிப்புட்டாரு. நாலு தோளு தாங்குற மாதிரி வேணும்னு. ஒசரம் இம்புட்டுத்தான் இருக்கணும்னு நாட்டுல எங்கயும் சொல்லலையாம்."

"நாலு தோளா? இதைய நான் ஒத்தையாளா இடுப்புல தூக்கிட்டுப் போவேனே?"

"தூக்கிப் பாருங்களேன்."

தூக்கிப் பார்த்தேன். அதாவது, முயற்சி பண்ணினேன். ஒரு மூட்டை நெல்லுக்கு மேலே இருக்கும். வேளார் சிரிக்கவில்லை, அதுதான் கோபமாக வந்தது.

அங்குட்டு இருந்து செங்காட்டுப்பட்டி இரண்டு கிலோமீட்டர். மத்தியானச் சாப்பாடு அங்கேதான். மொச்சைக் கருவாட்டுக் குழம்பு. உங்களுக்குக் கிடைக்காது, மாப்பிள்ளைக்கு மட்டும். சாப்பிட்டு வெளியே வந்தால், என் கொழுந்தியா பாக்கியம் தோளில் ஒரு உலக்கையும் உலக்கையின் இரண்டு முனையிலும் தண்ணீர்க் குடமுமாகத் தெருவில் நடந்துகொண்டிருக்கிறாள்.

பாக்கியம் என் வீட்டுக்காரிக்கு நேர் இளையவள். அதே ஊரிலேயே வாக்கப்பட்டவள். புருஷன் செத்து ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு ஏக்கர் நிலத்தைத் தானே உழுது விதைத்துச் சாப்பிடுகிறவள். ஊருக்குரிய மூன்றாவது முறைத் தண்ணீர் கைவிட்டுப் போனால் ஊரில் முதலில் காய்வது அவள் வயல்தான், கடைக்கோடியில் இருக்கிறது.

"என்ன பாக்கியம், தண்ணி யாவாரமா?" என்றேன்.

"தோளு பழக்குறேன் மச்சான். இன்னிக்கு நாலாவது தோளு நாந்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தோள் யார் யார் என்று எண்ணினேன். சுப்பையா மச்சான். பொக்லைன் ஓட்டுகிற கார்த்தி, அவனுக்கு இருபத்தைந்து வயது, மலை மாதிரி இருப்பான். முழங்கால் தேய்ந்த வெள்ளைச்சாமி மாமா, அறுபதைத் தாண்டியவர். நாலாவது அடுப்பு பாக்கியத்துடையது. பொம்பளைத் தோளை நாடு எண்ணியதே இல்லை.

"நான் வேணா குடுக்கவா?" என்றேன்.

"உங்க அடுப்பு காரைக்குடியில எரியுது. நீங்க விருந்தாளி. வேடிக்கை பாருங்க."

நாலு மணிக்குத் திடலில் கூட்டம். புரவியெடுப்பு பார்க்க வருகிறவர்கள் மூன்றரைக்கே வந்துவிடுங்கள், வண்டியைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் விடுங்கள். கண் திறந்து, மாலையும் புது வேட்டியும் சாத்திய குதிரைகள் வரிசையாக நின்றன. எங்களுடையது மாலைக்குள் பாதி மறைந்துவிட்டது. இளவட்டங்கள் கூடிக் கூடிச் சிரித்தார்கள். ஒருவன் கீழே குனிந்து குதிரைக்குப் புல் நீட்டினான். நானே காலையில் சிரித்தவன்தான், ஆனால் நான் சிரித்தால் அது வேறு. அவனை முறைத்த முறைப்பில் புல்லை அவனே தின்றிருப்பான்.

நாட்டு அம்பலம் வெள்ளை வேட்டியும் தோளில் பட்டுத் துண்டுமாக ஒவ்வொரு குதிரையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் குதிரைக்கு முன்னால் நின்றார்.

"சுப்பையா, மூணு தோளுதான் நிக்கிது. நாலாவது எங்க?"

பாக்கியம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து, குதிரையைக் கட்டியிருந்த தூக்குக் கம்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது என்னத்தா புதுப் பழக்கம்? பொம்பள தோளுல புரவி ஏறுமா? அங்கிட்டுத் தள்ளி நில்லு."

"அடுப்பு எரியுற வீடு தலைக்கட்டுதான அம்பலம்?"

"தலைக்கட்டுன்னா ஆம்பள."

"அப்படியா? போன கோடையில கண்மாய் தூரு எடுக்க அடுப்புக்கு ஒரு ஆளுன்னு தண்டோராப் போட்டீகளே. எங்க வீட்டுக்கு யாரு வந்தா? நாந்தான வந்தேன். பத்து நாளு மண்ணு சொமந்தேன். சாயந்தரம் சாயந்தரம் நின்னு தலைய எண்ணுனீகளே, அப்ப என்னைய ஆம்பளைன்னா எண்ணுனீக? மண்ணு சொமக்கையில தோளு, குதிர சொமக்கையில பொம்பளையா?"

பின்னாலிருந்து நாலாவது ஊர்ப் பெண் ஒருத்தி, "கேளு, நல்லாக் கேளு!" என்றாள். அவள் புருஷன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் குதிரையைப் பார்த்தான்.

அம்பலம் முகம் கறுத்தார். கூட்டத்துக்கு நடுவில் இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, எண்ணியது அவர்தான். "சரி, தூக்கு. ஆனா கேட்டுக்க. கோயிலுக்குள்ள போறதுக்கு முன்னாடி உங்க குதிர தரையத் தொட்டுச்சுன்னா செங்காட்டுப்பட்டி இன்னியோட இல்ல. சுப்பையா, உனக்கும் சேத்துத்தான்" என்றார்.

ஐந்து மணிக்குக் கொட்டு முழங்கியது. ஐந்து குதிரைகளும் எழுந்தன. மற்ற ஊர்களில் தோளுக்குத் தோள் மாற்றிக்கொள்ள ஆள் இருந்தது. எங்களுக்கு நாலுதான். முன்னால் சுப்பையாவும் கார்த்தியும், பின்னால் பாக்கியமும் வெள்ளைச்சாமி மாமாவும். நான் பக்கத்தில் நடந்தேன். முதல் கிலோமீட்டர் சமதரை. அடுத்தது மணல் பாதை, அங்கேதான் மாமா மூச்சு வாங்க ஆரம்பித்தார். நான் தோள் கொடுக்கக் கூடாது. பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று எந்த நாட்டிலும் சட்டமில்லை. அதனால் பேசினேன். குதிரை கண் அடிக்கிறது என்றேன். கார்த்திக்குப் பெண் பார்க்கும்போது இதே குதிரையில் ஏற்றிக் கூட்டிப் போவோம் என்றேன். அவர்கள் சிரித்துக்கொண்டே நடந்தார்கள்.

கண்மாய்க் கரை இறக்கத்தில் ஊர்வலம் நின்றுவிட்டது.

அங்கே பாதைக்குக் குறுக்கே கரண்டுக் கம்பி போகிறது. வருஷா வருஷம் அந்த நேரம் கரண்டை நிறுத்திவிட்டு, கவட்டைக் கம்பால் கம்பியைத் தூக்கிப் பிடிப்பார்கள், குதிரை கீழே நுழைந்து போகும். போன வருஷம் இரண்டாவது ஊர்க் குதிரை மருதக்குடிக் குதிரைக்குச் சமமாக வந்துவிட்டதாம். அந்தக் கோபத்தில் நாட்டு அம்பலம் இந்த வருஷம் தன் ஊர்க் குதிரையை ஒரு முழம் உயர்த்தச் சொல்லியிருக்கிறார். கம்பியின் உயரத்தை யாரும் நினைக்கவில்லை. கவட்டைக் கம்பு முழுசாக எட்டியும் கம்பி குதிரையின் நெற்றியில் நின்றது.

முன்னால் ஒரே கூச்சல். "தாழ்த்து, தாழ்த்து!" "அங்குட்டுத் திருப்பு!" தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கினார்கள். பற்றவில்லை. முழங்காலுக்கு இறக்கினார்கள். பின்னால் நாங்கள் நிற்கிறோம். நடக்கும்போது தெரியாத பாரம் நிற்கும்போது தெரிகிறது. மாமாவின் வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது. குதிரை அவர் பக்கம் சாய்ந்தது.

"மாமா, இறக்கிறாதீக" என்றாள் பாக்கியம். அவள் கம்பைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். தோளில் துண்டு நனைந்து போயிருந்தது.

"முடியல தாயி."

என் இரண்டு கையும் தானாகக் கம்பை நோக்கிப் போயின. மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன்.

"மாமா, இந்தக் கால் ஆட்டத்த உங்க கல்யாணத்துல ஆடிக் காட்டியிருந்தா அத்தை அன்னிக்கே ஓடிப் போயிருக்கும்."

"எலேய், குதிரைய எறக்குனதும் உன்னைய மிதிக்கிறேன் இரு."

"மிதிக்கணும்னா கோயில்லதான் எறக்கணும். அதுவரைக்கும் நான் என்ன வேணாலும் பேசலாம். அத்தை உங்களுக்குப் போடுற கொழம்புல உப்பு இல்லைன்னு ஊரெல்லாம் சொன்னீகளே, அதை இப்பப் போயி அத்தைகிட்ட..."

"அடேய்!" அந்தக் கோபத்தில் மாமாவின் கால் நேரானது. மனிதன் நிமிர்ந்துவிட்டார்.

"மச்சான், சிரிக்க வைக்காதீக, கம்பு வழுக்குது" என்றாள் பாக்கியம், பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்போதுதான் முன்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. மண்பானையைத் தரையில் வைக்கிற சத்தம். மருதக்குடிக் குதிரையின் பின்னங்கால் தரையில் இருந்தது. கொட்டு நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். உடனே முன்னைவிடச் சத்தமாக அடிக்க ஆரம்பித்தார்கள். குதிரை கம்பியைத் தாண்டி எழுந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டாவது குதிரை தட்டுத் தடுமாறி நுழைந்தது. மூன்றாவது எங்களுடையது. கம்பிக்குக் கீழே தலையைக்கூடக் குனியாமல், மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது.

கோவில் வாசலில் நாட்டு அம்பலம் நின்று ஊர்ப் பேரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால், அந்த ஊர் அம்பலம் "வந்துச்சு" என்று பதில் சொல்லிக் குதிரையை உள்ளே கொண்டுபோக வேண்டும். அதுதான் அந்த வருஷக் கணக்கு. மருதக்குடியை அவர் மெதுவாகக் கூப்பிட்டார். இரண்டாவது ஊரையும் கூப்பிட்டார். அப்புறம் நிறுத்திவிட்டார். எங்கள் குதிரையைப் பார்க்கிறார், துண்டைச் சரிசெய்கிறார், நாலாவது குதிரையை எட்டிப் பார்க்கிறார். கூப்பிடவில்லை.

சுப்பையா வாயைத் திறப்பதற்குள் பின்கம்பிலிருந்து பாக்கியம் பேசினாள். சத்தமாக இல்லை. பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"கூப்புடுங்க அம்பலம். உங்க குதிர என்ன பண்ணுச்சுன்னு நாங்க பாக்கல. எங்க தோளப் பாத்துக்கிட்டு வந்தோம். நீங்களும் எங்க தோள மட்டும் பாருங்க. எண்ணிட்டுக் கூப்புடுங்க."

அவர் விரலை நீட்டினார். சுப்பையா, கார்த்தி, வெள்ளைச்சாமி மாமா. விரல் நின்றது. பிறகு பாக்கியத்திடம் வந்தது.

"நாலு தலைக்கட்டு. செங்காட்டுப்பட்டி!"

"வந்துச்சு" என்றாள் பாக்கியம். சுப்பையா மச்சான் சொல்ல வேண்டிய பதில் அது.

குதிரையை இறக்கிய பிறகு வெள்ளைச்சாமி மாமா சொன்னபடி என்னை மிதிக்க வந்தார், கால் எழும்பவில்லை. உட்கார்ந்து தேய்த்துக்கொண்டார்.

மருதக்குடிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுக் கீழே கமெண்டில் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். தாராளமாக வாருங்கள். அந்த 'டொக்' சத்தத்தைக் கேட்கவில்லை என்று செங்காட்டுப்பட்டிக்காரர்கள் சொல்வார்கள், அது அவர்களுக்கும் உங்களுக்கும் உள்ள பேச்சு. நான் அந்த நாட்டுக் கணக்கிலேயே இல்லாத ஆள். எனக்கு நன்றாகக் கேட்டது. ஊரில் அடுப்பு மூட்டி, நிலத்தை உழுது, கண்மாயில் மண் சுமக்கிறவள் இருக்கிறவரை ஊர் இருக்கிறது. வேலைக்கு எண்ணும்போது ஒரு கணக்கு, மரியாதைக்கு எண்ணும்போது ஒரு கணக்கு என்றால், ஐந்தாம் வகுப்புக் கணக்குக்குக்கூட அது இடிக்கிறது.

போகிறவர்களுக்கு: ஆனி கடைசி வெள்ளி. தேதியை நாச்சியாபுரம் டீக்கடையில் கேட்டாலே சொல்வார்கள். பேருந்தில் வந்தால் நாச்சியாபுரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ, ஆளுக்கு முப்பது ரூபாய், புரவியெடுப்பு அன்று ஐம்பது கேட்பார்கள், நாற்பதுக்கு வருவார்கள். தண்ணீர் பாட்டில் கையோடு கொண்டுபோங்கள், மணல் பாதையில் கடை கிடையாது. செருப்புப் போட்டுக்கொண்டு குதிரைக்குப் பக்கத்தில் நடக்காதீர்கள், திட்டு வாங்குவீர்கள். திரும்பிவர எட்டு மணிக்கு மேல் ஆட்டோ சிரமம், முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது பாக்கியம் என் வண்டி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் வீங்கியிருந்தது, வேப்பெண்ணெய் வாடை. "மச்சான், எங்க அப்பா வீடு பூட்டித்தான கெடக்கு. அக்காளக் கூட்டிட்டு வந்து அடுப்பு மூட்டுங்க. வீட்டோட மாப்ளையா இருங்க. அஞ்சு தோளு ஆயிரும், குதிரைய ஒரு சாண் ஒசத்திரலாம்" என்றாள். நான் அவசரமாக வண்டிச் சாவியைத் திருப்பினேன். பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. காரைக்குடி வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அடுத்த ஆனியில் நீங்கள் போனால் மூன்றாவது குதிரையைப் பாருங்கள். அது ஒரு சாண் உயர்ந்திருந்தால், கம்புக்கு அடியில் தொப்பையோடு மூச்சு வாங்குகிறவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் நடந்து வந்து ஏதாவது கிண்டல் பண்ணுங்கள். இறக்கி வைக்காமல் இருக்க அது உதவும்.